வந்தாறுமூலை மைதானமும் கிங்ஸ்ரன் பனித்திடலும்: பல்கலைக்கழகப் பெண்கள் அணிகளுக்கு வரலாறு உண்டா?

பாசிக்குடாக் கடலின் சிறப்பு அதன் ஆழமின்மை. கரையிலிருந்து நெடுந்தூரம் நடந்து சென்ற பின்னரும் நீர் இடுப்பளவைத் தாண்டாத இவ்விரிகுடா, நீந்தத் தெரியாதவர்களுக்கும் அச்சம் தராத கடல் என்று நாடெங்கும் பெயர் பெற்றது. விடுமுறை நாளொன்றின் மாலையில் இக்கரையில் நிற்பவர்கள் ஒரு காட்சியைத் தவறவிட முடியாது. ஆண்பிள்ளைகள் நீந்துகின்றனர், மணலில் வலைகட்டிக் கரப்பந்து ஆடுகின்றனர். பெண்பிள்ளைகளோ, தமிழர், முஸ்லிம்கள் என்ற வேறுபாடின்றி, உடுத்த உடையோடு முழங்காலளவு நீரில் நிற்கின்றனர். அல்லது கரையிலமர்ந்து தம்பிமாரின் செருப்புகளுக்கும் கைப்பைகளுக்கும் காவல் இருக்கின்றனர்.

இதனை எமது பண்பாட்டின் அடக்கம் என்று கூறிக் கடந்து செல்வது எளிது. ஆனால், 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை இக்கரையோரத்தை விழுங்கியபோது உயிரிழந்தவர்களில் பெண்களின் தொகை ஆண்களின் தொகையை விஞ்சி நின்றது. 2005 மார்ச்சில் ஒக்ஸ்பாம் நிறுவனம் வெளியிட்ட அறிக்கை அதற்கான காரணங்களைத் தேடியது. இலங்கையில் நீந்துவதும் மரமேறுவதும் ஆண்பிள்ளைகளுக்கே கற்றுக்கொடுக்கப்படுகின்றன என்பது அது சுட்டிய காரணங்களுள் ஒன்றாகும். ஓடவும் நீந்தவும் ஏறவும் பழகிய உடல் ஆடம்பரப் பொருளன்று என்பதை இம்மாவட்டம் அறிந்துகொண்டதற்குக் கொடுத்த விலை பெரிது. அறிந்துகொண்டதன் பின்னர் என்ன மாறியது என்பதே கேள்வி.

பாசிக்குடாவிலிருந்து கல்குடா, வாழைச்சேனை வழியாகத் தெற்கு நோக்கி வரும் வீதியில் வந்தாறுமூலை இருக்கின்றது. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரதான வளாகம் அங்கேதான். இலங்கையின் பல்கலைக்கழகங்களில் இன்று பயில்வோரில் அரைவாசிக்கும் அதிகமானோர் மாணவிகள். கலைப்பீடங்களில் இவ்விகிதம் இன்னும் உயர்வானது. விரிவுரை மண்டபத்திலும் நூலகத்திலும் பெரும்பான்மையினராக இருக்கும் இவர்கள், மாலை நான்கு மணிக்கு மைதானத்தில் மட்டும் ஏன் சிறுபான்மையினராகி விடுகின்றனர்? இக்கேள்விக்கு விடை தேடும் நோக்கில், முதலில் எமது வெப்பத்திற்கு முற்றிலும் அந்நியமான ஒரு விளையாட்டின் கதையைச் சொல்ல விரும்புகின்றோம். கனடாவின் பல்கலைக்கழகப் பெண்கள் ஐஸ் ஹொக்கி அணிகளின் கதை அது. மட்டக்களப்பிலும் யாழ்ப்பாணத்திலும் ரொறன்ரோவில் உறவினர் இல்லாத தமிழ்க் குடும்பங்கள் குறைவு என்பதால், அது அத்தனை தொலைவான கதையும் அல்ல.

ஒன்ராறியோ மாகாணத்தின் கிங்ஸ்ரன் நகரிலுள்ள குயின்ஸ் பல்கலைக்கழக மாணவிகள் 1894ஆம் ஆண்டில் ஓர் ஐஸ் ஹொக்கி அணியை அமைத்தனர். 'லவ் மீ லிட்டில்ஸ்' என்பது அவர்கள் தமக்குச் சூட்டிக்கொண்ட விளையாட்டுத்தனமான பெயர். பெண்கள் இவ்வாட்டத்தை ஆடலாகாது என்று பேராயரின் கண்டனம் எழுந்தது. கணுக்கால் வரை நீண்ட கம்பளிப் பாவாடையோடுதான் அவர்கள் பனியில் சறுக்கி ஆடினர் என்பதை இங்கே நினைவுபடுத்துவது பொருத்தமானது. ஆடையில் குறைகாண ஏதுமில்லாதபோதும் கண்டனம் வந்தது! அதே காலத்தில் மொன்றியல் நகரின் மக்கில் பல்கலைக்கழக மாணவிகளுக்கு அனுமதி வழங்கப்பட்டது, ஆனால் நிபந்தனைகளோடு. அவர்கள் குளிருக்கேற்ற உடை அணிய வேண்டும். அவர்கள் ஆடும் வேளையில் பனித்திடலில் வேறெவரும் இருக்கக்கூடாது. வெளியார் நுழையாதவாறு வாயிலில் ஆண் மாணவர்கள் காவல் நிற்க வேண்டும். நூற்றாண்டுக்கு முந்திய கிறிஸ்தவ கனடாவின் இந்த ஏற்பாட்டைப் படிக்கும் எமது வாசகர்களுக்கு, அது ஏறாவூரிலோ காத்தான்குடியிலோ ஆரையம்பதியிலோ இன்று நடக்கும் ஓர் உரையாடலைப் போலத் தோன்றினால் வியப்பில்லை. பெண்ணின் உடல் பற்றிய பதற்றம் எந்த ஒரு மதத்தின் தனிச்சொத்தும் அல்ல.

நிபந்தனைகள் இருந்தபோதிலும் ஆட்டம் தொடர்ந்தது. 1920களில் குயின்ஸ், மக்கில், ரொறன்ரோ ஆகிய பல்கலைக்கழகங்களின் பெண்கள் அணிகள் தமக்குள் போட்டியிட்டன. 1927ஆம் ஆண்டில் குயின்ஸ் அணியின் கோல் காப்பாளரான எலிசபெத் கிரஹாம், வாள்விளையாட்டு வீரர்கள் அணியும் கம்பி வலை முகமூடியை அணிந்து ஆடினார். மொன்றியல் பத்திரிகையொன்று அதனைச் செய்தியாக்கியது. ஐஸ் ஹொக்கி விளையாட்டில் கோல் காப்பாளர் முகமூடி அணிந்தமைக்கான மிகப் பழைய பதிவு இதுவே எனக் கருதப்படுகின்றது. எனினும் முகமூடியின் பெருமை நெடுங்காலமாக ஜாக் பிளாண்ட் என்னும் ஆண் வீரருக்கே உரியதாகச் சொல்லப்பட்டு வந்தது. 1959 நவம்பர் 1ஆம் திகதி நியூயோர்க்கில் பந்துத்தட்டு முகத்தைக் கிழித்த பின்னர், தையலிட்ட முகத்தோடு அவர் முகமூடி அணிந்து திரும்பி வந்து ஆடியது புகழ்பெற்ற நிகழ்ச்சி. முப்பத்திரண்டு ஆண்டுகள் முந்தியவர் ஒரு பெண் என்பது தெரியவந்தமைக்கு ஒரு பத்திரிகைச் செய்தி எஞ்சியிருந்ததே காரணம். அச்செய்தியும் அழிந்திருந்தால்?

பெண்களின் ஆட்டம் ஒருமுறை தொடங்கிவிட்டால் அது தானாகவே வளர்ந்து செல்லும் என்ற எண்ணத்தைக் கனேடிய வரலாறு பொய்யாக்குகின்றது. 1930களின் பொருளாதார வீழ்ச்சியும் அதனையடுத்து வந்த போரும் பெண்கள் அணிகளைக் கலைத்தன. போர் முடிந்ததும் ஆண்களின் அணிகள் திரும்பின. பெண்களுடையவை திரும்பவில்லை. பனித்திடலின் நேரம் ஆண்களுக்கே என்றாயிற்று. 1950களின் நடுப்பகுதியில் ரொறன்ரோவில் அபி ஹொஃப்மன் என்ற சிறுமி, தலைமுடியைக் கட்டையாக வெட்டி, ஆண்பிள்ளை என்று பதிவு செய்துகொண்டே சிறுவர் அணியில் ஆடவேண்டியிருந்தது. திறமை காரணமாகச் சிறந்தோர் அணிக்குத் தெரிவு செய்யப்பட்டபோது பிறப்புச் சான்றிதழ் பார்க்கப்பட்டு உண்மை வெளிப்பட்டது. அவரே பின்னர் ஓட்ட வீராங்கனையாகி நான்கு ஒலிம்பிக் போட்டிகளில் கனடாவைப் பிரதிநிதித்துவம் செய்தார். ஆயினும், 1960களின் நடுப்பகுதியில் தாம் பயின்ற ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின் 'ஹார்ட் ஹவுஸ்' உள்ளக ஓடுபாதையில் பயிற்சி பெற முயன்றபோது, அது ஆண்களுக்கு மட்டுமே உரியது என்று அவர் வெளியேற்றப்பட்டார். ஒலிம்பிக் வீராங்கனைக்கே வாயில் அடைக்கப்பட்டது. அவ்வாயில் பெண்களுக்குத் திறக்க 1972 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அதன் பின்னரும் கதை நேராகச் செல்லவில்லை. 1985இல் பன்னிரண்டு வயதான ஜஸ்டின் பிளேனி சிறுவர் அணியொன்றுக்குத் தெரிவாகியும் ஆடுவதற்கு மறுக்கப்பட்டபோது வழக்குத் தொடுத்தார். விளையாட்டில் பெண்களை விலக்கி வைப்பதற்கு இடமளித்த மனித உரிமைச் சட்டப் பிரிவை 1986இல் ஒன்ராறியோ மேன்முறையீட்டு நீதிமன்றம் செல்லுபடியற்றதாக்கியது. அதே பெண் வளர்ந்து ரொறன்ரோ பல்கலைக்கழக மாணவியானபோது, அங்கிருந்த பெண்கள் ஐஸ் ஹொக்கி அணியைச் செலவுச் சிக்கனத்தின் பெயரால் கலைத்துவிட நிர்வாகம் முனைந்தது. நீதிமன்றத்தில் வென்றவர் 1993இல் தமது வளாகத்திலேயே மீண்டும் போராடினார். நிதி திரட்டினார்கள், அணி தப்பியது. கலைக்கப்படவிருந்த அதே அணி 2001இல் ஒரு தோல்விகூட இன்றிக் கனேடியப் பல்கலைக்கழகங்களின் தேசிய வெற்றிக்கிண்ணத்தைப் பெற்றது. 1993இல் அன்று ஏட்டில் ஒரு கோடு கிழிக்கப்பட்டிருந்தால் 2001இன் வெற்றியைப் பற்றி எழுத எவருக்கும் எதுவும் இருந்திருக்காது.

நாம் இங்கே வற்புறுத்த விரும்புவது இதனையே. பல்கலைக்கழகப் பெண்கள் அணியொன்று அழிவதற்கு எவரும் அதனைத் தடை செய்யத் தேவையில்லை. மைதான நேர அட்டவணையில் அதன் பெயர் விடுபட்டால் போதும். வரவு செலவுத் திட்டத்தில் ஒரு வரி குறைந்தால் போதும். நான்கு ஆண்டுகளில் மாணவிகள் பட்டம் பெற்று வெளியேறிவிடுவர். ஐந்தாம் ஆண்டில் அப்படியோர் அணி இருந்ததை அறிந்தவர் எவரும் வளாகத்தில் இருக்கமாட்டார். பிறகு, "எமது பெண்பிள்ளைகளுக்கு விளையாட்டில் ஆர்வமில்லை" என்ற தீர்ப்பை வழங்குவது மிக எளிது.

இனி வந்தாறுமூலைக்கு வருவோம்.

1981 ஆகஸ்ட் 1ஆம் திகதி மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கப்பட்டு, 1986 ஒக்டோபர் 1ஆம் திகதி முழுமையான பல்கலைக்கழகமாக உயர்ந்த நிறுவனம் இது. அது உயர்ந்து நான்கு ஆண்டுகள் கழியுமுன்னரே இவ்வளாகம் அகதி முகாமாயிற்று. 1990 செப்டெம்பர் 5ஆம் திகதி இங்கு தஞ்சமடைந்திருந்தவர்களில் 158 பேர் படையினரால் கொண்டுசெல்லப்பட்டுத் திரும்பாமற் போயினர். அதற்கு ஒரு மாதத்திற்கு முன்னர், ஆகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலும் 12ஆம் திகதி ஏறாவூரிலும் முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் கொன்று குவிக்கப்பட்டனர். ஏறாவூருக்கும் வந்தாறுமூலைக்கும் இடையிலான தூரம் சைக்கிளில் கடக்கக்கூடிய தூரம். ஆனால் முஸ்லிம் மாணவர்களுக்கு அது கடக்க முடியாத தூரமாயிற்று. 1995இல் ஒலுவிலை நிலைக்களனாகக் கொண்டு தென்கிழக்குப் பல்கலைக்கழகக் கல்லூரி தோன்றியமைக்கும், மறு ஆண்டே அது பல்கலைக்கழகமானமைக்கும் பின்னணியில் இந்தத் தூரமே இருந்தது. இரு சமூகங்களின் பிள்ளைகளும் ஒரே அணியில் ஆடுவதற்கான வாய்ப்பு, அணிகள் உருவாக வேண்டிய காலத்திலேயே அறுந்து போனது. இன்று வந்தாறுமூலையிலும் ஒலுவிலிலும் மூவின மாணவர்களும் பயில்கின்றனர். ஒரே விரிவுரை மண்டபத்தில் இருப்பது வேறு, ஒரே அணியில் ஆடுவது வேறு. விரிவுரையில் அருகிலிருப்பவரின் பெயரை அறியாமலே மூன்று ஆண்டுகளைக் கழித்துவிடலாம். வலைப்பந்தாட்டத்தில் பெயரைக் கூவி அழைக்காமல் பந்தை வழங்க முடியாது.

கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பெண்கள் விளையாட்டுக்கு ஒரு பெரும் பெயர் உண்டு. ஆசிய வலைப்பந்தாட்டத்தின் மிகச் சிறந்த கோல் எறிபவர்களுள் ஒருவரான தர்ஜினி சிவலிங்கம் இங்கு கல்வி பயின்றவர். யாழ்ப்பாணத்தின் ஏவினைக் கிராமத்தில் பிறந்து, போர்க்காலத்தில் வளர்ந்து, கிழக்கிற்குப் படிக்க வந்த அவரது உயரம் 6 அடி 10 அங்குலம் என்று சொல்லப்படுகின்றது. எமது சமூகத்தில் இத்தகைய உயரம் ஒரு பெண்ணுக்கு எத்தனை கேலிகளைப் பெற்றுத்தந்திருக்கும் என்பதை விளக்கத் தேவையில்லை. அவ்வுயரத்தை நாட்டின் பெருமையாக மாற்றியது விளையாட்டு. 2009இலும் 2018இலும் ஆசிய வெற்றிக்கிண்ணத்தை இலங்கை வென்றபோது அவர் அணியில் இருந்தார். 2011 சிங்கப்பூரிலும் 2019 லிவர்பூலிலும் நடைபெற்ற உலகப் போட்டிகளில், அணி பின்தங்கியிருந்தபோதும், உலகின் முன்னணி கோல் எறிபவர்களுள் அவர் எண்ணப்பட்டார். அவுஸ்திரேலியக் கழகங்களும் அவரை அழைத்தன. சிங்களப் பெரும்பான்மை வீராங்கனைகளைக் கொண்ட தேசிய அணியில் தமிழ்ப் பெண்ணொருவர் அச்சாணியாக விளங்கிய காலம் போரின் இறுதி ஆண்டுகளையும் உள்ளடக்கியது என்பதைப் பலர் மறந்துவிட்டனர்.

தர்ஜினியை நாம் கொண்டாடிவிட்டோம். பத்திரிகைகள் (நாமும் உட்பட) அவரது உயரத்தைப் பற்றி எழுதித் தீர்த்தன. அவரோடு பல்கலைக்கழக மைதானத்தில் ஆடிய ஏனையோர் யார்? வலைப்பந்தாட்டத்தில் ஓர் அணிக்கு எழுவர். கோல் எறிபவர் எத்தனை உயரமானவராயினும், ஆறு பேர் பந்தைக் கடத்தி அவரிடம் சேர்க்காவிட்டால் அவ்வுயரத்தால் பயனில்லை. எமது பல்கலைக்கழகங்களில் பெண்கள் அணிகளின் தலைவியர் பெயர்கள் ஆண்டு வரிசையில் எங்காவது எழுதி வைக்கப்பட்டுள்ளனவா? நாம் பயின்ற பல்கலைக்கழகமொன்றின் உடற்கல்விப் பிரிவில் ஆண்கள் அணிகளின் படங்கள் சட்டமிட்டுச் சுவரை நிறைத்திருந்தன. ஒவ்வொன்றின் கீழும் முன்வரிசை, பின்வரிசை என்று பெயர்கள் அச்சிடப்பட்டிருந்தன. பெண்கள் அணியின் படம் ஒன்றே ஒன்று, கதவுக்குப் பின்னால் மாட்டப்பட்டிருந்தது. அதில் பெயர்கள் இல்லை. அன்று அது எமக்கு ஒரு குறையாகப் படவில்லை என்பதையும் வெட்கத்தோடு ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆடைப் பிரச்சினையைத் தொடாமல் இவ்விடயத்தை எழுதுவது நேர்மையாகாது. 2018இல் திருகோணமலைப் பெண்கள் பாடசாலையொன்றில் முஸ்லிம் ஆசிரியைகளின் அபாயா உடை தொடர்பாக எழுந்த பிணக்கும், 2019 ஏப்ரல் 21ஆம் திகதி மட்டக்களப்பு சீயோன் தேவாலயம் உட்பட நாட்டில் நடந்த தாக்குதல்களின் பின்னர் முஸ்லிம் பெண்களின் உடை மீது விழுந்த சந்தேகப் பார்வையும் இம்மாகாணத்தில் இன்னும் ஆறவில்லை. மைதானத்தில் இக்கேள்விக்கு உலகம் ஏற்கெனவே விடை கண்டுவிட்டது. 2011 ஜூனில் அம்மானில் நடைபெற்ற ஒலிம்பிக் தகுதிகாண் போட்டியில் தலையை மறைத்த உடைக்காக ஈரானியப் பெண்கள் உதைபந்தாட்ட அணி ஆடவிடாது தடுக்கப்பட்டது. மூன்று ஆண்டுகளின் பின்னர், 2014இல், ஃபிஃபா அந்தத் தடையை நீக்கியது. கூடைப்பந்தாட்டச் சம்மேளனம் 2017இல் அதே முடிவுக்கு வந்தது. தலைமறைப்போடு ஆட விரும்பும் மாணவியும் அரைப்பாவாடையோடு ஆட விரும்பும் மாணவியும் ஒரே அணியில் ஆடலாம். எவருடைய உடையைப் பற்றியும் ஆட்டத்திற்கு வெளியே நிற்பவர்கள் தீர்மானிக்கத் தேவையில்லை என்பதே எமது நிலைப்பாடு. இதனைத் தமிழ்ப் பெற்றோருக்கும் உலமாக்களுக்கும் ஒருங்கே கூறுகின்றோம்.

இது நடக்கக்கூடியதா என்று ஐயுறுவோர் லடாக்கைப் பார்க்கலாம். இந்தியாவின் பெண்கள் ஐஸ் ஹொக்கி அணி பெரும்பாலும் அந்த மலைப்பிரதேசத்துப் பெண்களைக் கொண்டது. பௌத்தரும் முஸ்லிம்களும் வாழும் அப்பிரதேசத்தில், குளிர்காலத்தில் உறையும் குளங்களே அவர்களது திடல். 2016இல் முதன்முதலாகச் சர்வதேசப் போட்டிக்குச் சென்று தோல்விகளோடு திரும்பினர். 2017இல் பயணச் செலவுக்குப் பொதுமக்களிடம் நிதி திரட்டிக்கொண்டு பாங்கொக் சென்று, பிலிப்பைன்ஸை 4க்கு 3 என்று வென்றனர். கோல் காத்தவர் நூர் ஜஹான். 2025இல் அல்ஐன் நகரில் நடைபெற்ற ஆசியக் கிண்ணப் போட்டியில் வெண்கலப் பதக்கம் கிடைத்தது. எமக்கு இன்னும் அருகிலேயே, அறுகம்பேயில், 2018இல் தொடங்கிய பெண்கள் அலைச்சறுக்குக் கழகம் இருக்கின்றது. அங்கும் முதற்தடை கடலன்று, ஊர்வாய்தான்.

பல்கலைக்கழக நிர்வாகங்களிடம் நாம் பெரும் பணம் கேட்கவில்லை. 2022இன் பொருளாதார நெருக்கடியின் பின்னர் அப்படிக் கேட்பதில் பொருளுமில்லை. வலைப்பந்தாட்டத்திற்கு இரண்டு கம்பங்களும் ஒரு பந்தும் போதும். கேட்பது வேறு. பல்கலைக்கழகங்களுக்கிடையிலான விளையாட்டு விழாவுக்குச் சில வாரங்களுக்கு முன்னர் அவசரமாகப் பெண்கள் அணியைத் திரட்டி, விழா முடிந்ததும் கலைத்துவிடும் வழக்கம் நிற்க வேண்டும். கிழக்கில் சூரியன் ஆறு மணிக்கே மறைந்துவிடுகின்றது. விடுதி வாயில் மூடும் நேரமும் மைதானம் மாணவிகளுக்குக் கிடைக்கும் நேரமும் ஒன்றோடொன்று மோதுமானால், ஆர்வம் எவ்வளவு இருந்தும் பயனில்லை. விடுதியில் தங்காமல் ஓட்டமாவடியிலிருந்தும் வாழைச்சேனையிலிருந்தும் களுவாஞ்சிக்குடியிலிருந்தும் பஸ்ஸில் வந்துபோகும் மாணவியருக்குப் பயிற்சி முடிந்த பின் வீடு செல்ல வழியுண்டா என்பதையும் உடற்கல்விப் பிரிவே சிந்திக்க வேண்டும். பெண் பயிற்றுநர் இருப்பின் தம் பிள்ளைகளை மறுப்பின்றி அனுப்பக்கூடிய பெற்றோர் இரு சமூகங்களிலும் பலர் உளர். பழைய வீராங்கனைகளுள் ஆசிரியைகளாகவும் அதிகாரிகளாகவும் இம்மாவட்டத்திலேயே வாழ்பவர்களை அழைத்தால் வரமாட்டார்களா?

வந்தாறுமூலையும் ஒலுவிலும் ஆண்டுக்கொரு முறை தமது பெண்கள் அணிகளைப் பாசிக்குடாவுக்கு அழைத்து வரலாம். போர் முடிந்த பின்னர் உல்லாச விடுதிகள் வரிசையாக எழுந்த கரையில், ஊர்ப்பிள்ளைகளுக்கென்று எஞ்சியிருக்கும் மணற்பரப்பில் இரண்டு கம்பங்களை நட்டு ஆடட்டும். முழங்காலளவு நீரில் நிற்கும் தங்கைமார் அதனைப் பார்க்கட்டும்.

அதற்கு முன்னர் செய்யக்கூடிய சிறு காரியம் ஒன்றுண்டு. அடுத்த தவணைக்கான மைதான நேர அட்டவணை விரைவில் தட்டச்சாகி அறிவித்தற் பலகையில் ஒட்டப்படும். அதில் மாலை நான்கு மணி முதல் ஐந்தரை மணி வரையான கட்டங்களில் எந்த அணிகளின் பெயர்கள் இருக்கப்போகின்றன என்பதை, பேரவை உறுப்பினர்களும் மாணவர் ஒன்றியத்தினரும் ஒருமுறை நின்று வாசித்துப் பார்ப்பார்களாக.